பொரிப் பையில் ஒரு பென் டிரைவ்

பொற்கொடி பயந்த சுபாவக்காரி. இதை அவள் முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனவள், திரும்பி வந்து பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் டிக்கெட்டைப் பத்திரமாக வீடு வரை கொண்டுவந்து சேர்ப்பாள். நடுரோட்டில் யாரும் டிக்கெட் கேட்கப் போவதில்லை என்று அவள் புருஷன் நல்லுசாமி எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறான். கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பாள். அதற்கு மேல் அவளோடு பேச முடியாது.

துறையூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்து ஒன்பது வருடமாகியிருந்தது. நல்லுசாமிக்கு ஒரு வார்ப்படக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ஆர்டர் இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் வா என்பார்கள். 2008-ல் அந்த அடுத்த வாரங்கள் கூடிக்கொண்டே போயின. நிரந்தர வேலை என்று வீட்டில் இருந்தது பொற்கொடியுடையது மட்டும்தான். ஜூஜுவாடியில், கர்நாடகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், லாரிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு நடுத்தரக் கம்பெனி. அதில் அவளுக்கு டெஸ்பாட்ச் பிரிவில் கம்ப்யூட்டர் வேலை. வெளியே போகிற ஒவ்வொரு பெட்டிக்கும் சீட்டும் பில்லும் அவள் கையால் அச்சாகி வந்தால்தான் லாரி நகரும்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை போனால் இன்னொன்றில் கிடைத்துவிடும். அவளுக்குப் பயமெல்லாம் லிஸ்டுக்குத்தான். அந்த வட்டாரத்தில் முப்பது கம்பெனி கேட்டுகளுக்கு ஒரே செக்யூரிட்டி ஏஜென்சி காவல். ஒவ்வொரு கேட்டிலும் அன்றன்று நடந்ததைத் தினத்தாள் என்ற ஒரு தாளில் எழுதுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏஜென்சி ஜீப் வந்து வாங்கிக்கொண்டு போகும். அதில் பிடிபட்டவர் என்று பெயர் ஏறிவிட்டால், முப்பது கேட்டிலும் காவல் அறைக்குள் அந்தப் பெயர் ஒட்டப்படும். விசாரணை, அப்பீல் ஒன்றும் கிடையாது. அவள் குடியிருந்த லைன் வீட்டில் ஒரு லேத் ஆபரேட்டர் இருந்தார். டிபன் பாக்ஸில் இரண்டு பேரிங் இருந்ததாகச் சொல்லி லிஸ்டில் ஏற்றினார்கள். நல்ல கைத்தொழில்காரர், இப்போது கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில் கூழ் டின் சுமக்கிறார். சீசன் முடிந்தால் அதுவும் இல்லை.

இப்படிப்பட்டவள் கம்பெனிக்குள் கூடாத ஒரு பொருளை வைத்திருந்தாள் என்றால், அதற்குக் காரணம் அவளுடைய கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டரில் புதிதாக வந்திருந்த விண்டோஸ் விஸ்டாவைப் போட்டுக் கொடுத்தவர்கள், அதற்குத் தேவையான நினைவகத்தைப் போட்டுத் தரவில்லை. ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்.பி.யை வைத்துக்கொண்டு அது மூச்சு வாங்கியது. ஒரு பில்லைத் திறக்கச் சொன்னால் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும், திரை அசையாது. ஜன்னலுக்கு வெளியே டிரைவர்கள் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அவளைத் திட்டுவார்கள். மூன்றும் அவளுக்குப் புரியும். டெஸ்பாட்ச் மேனேஜர் ஸ்ரீராமிடம் நினைவகம் வாங்கித் தரச் சொல்லி எட்டு மாதம் கேட்டாள். எட்டு மாதமும் அடுத்த மாதம் என்றார்.

பாகலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த லால் பாஷாதான் வழி சொன்னார். வேகமான பென் டிரைவ் ஒன்றைச் சொருகி, ரெடிபூஸ்ட் என்கிற இடத்தில் 'பயன்படுத்து' என்று கொடுத்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் தனக்கு அடிக்கடி தேவைப்படுவதை அதில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு தடவையும் பரணில் ஏறாமல் அஞ்சறைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரிதான். அதிசயமெல்லாம் நடக்காது மேடம், ஆனா கொஞ்சம் நிம்மதியா இருக்கும் என்றார் அவர். எல்லாப் பென் டிரைவும் இதற்கு ஆகாது, கம்ப்யூட்டரே சோதித்துப் பார்த்து வேகம் போதாததைத் தள்ளிவிடும் என்று, தன் கடையில் சோதித்த இரண்டு ஜி.பி. ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

கேட்டில் பலகையே இருக்கிறது: கேமரா, சி.டி., பென் டிரைவ் உள்ளே கூடாது. பொற்கொடி அதை ஸ்ரீராமிடம் சொன்னபோது அவர் சிரித்தார். மேனேஜர்களை யார் சோதிக்கிறார்கள், என்னிடம் கொடு, நான் கொண்டுவந்துவிடுகிறேன் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அதை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பில்கள் ஒழுங்காக வந்தன. ஜன்னலுக்கு வெளியே வசவு குறைந்தது. தலைவலி விட்டது என்று அவரும் அதை மறந்துபோனார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியத்தோடு கம்பெனியில் வேலையை நிறுத்திவிட்டார்கள். மூன்று மணிக்குப் பூஜை. பிரஸ், லேத், டிரில்லிங் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, பட்டை போட்டு, மாலை சாத்தியிருந்தார்கள். டெஸ்பாட்சிலும் மேசையைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார்கள். பிரிண்டர், கால்குலேட்டர், ஸ்டேப்ளர், ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் ஒரு தாம்பாளத்தில் வரிசையாக அமர்ந்தன. பொற்கொடி ஒரு கணம் யோசித்தாள். இந்த மூன்று மாதமாக உண்மையில் உழைத்தது எது? கம்ப்யூட்டரை அணைத்து, பின்னாலிருந்து பென் டிரைவைப் பிடுங்கி, சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்து, அதையும் தாம்பாளத்தின் ஓரத்தில் வைத்தாள். நியாயமான காரியம்தான். ஆனால் அவள் வாழ்நாளில் யோசிக்காமல் செய்த ஒன்றிரண்டு காரியங்களில் அதுவும் ஒன்று.

பூஜை முடிந்ததும் அதே மேசையில் செய்தித்தாளை விரித்துப் பொரியைக் கொட்டினார்கள். பொட்டுக்கடலை, வெல்லம், தேங்காய்ச் சில்லு எல்லாம் கலந்து சென்னம்மா படியால் அள்ளி அள்ளிப் பைகளில் போட்டாள். சென்னம்மா ஒரு காண்ட்ராக்டர் மூலமாகக் கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு வருகிறவள். பாகலூர்க்காரி, ஐம்பது வயதிருக்கும், வீட்டில் கன்னடம், வெளியே மூன்று பாஷையும். இடத்துக்காக யாரோ தாம்பாளத்தை நகர்த்தியபோது பென் டிரைவ் சரிந்து பொரிக்குள் விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கொடுத்து முடித்து, கடைசியில் மிஞ்சியதைச் சென்னம்மா தனக்கு அள்ளிக்கொண்டாள்.

நாலரை மணிக்குக் கேட்டில் வரிசை. செக்யூரிட்டித் தலைவர் ஆஞ்சப்பன் ஒவ்வொரு பையையும் ஒரு தட்டில் கவிழ்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பூஜை நாளில்தான் பொரிக்குள்ளே போல்ட்டும் நட்டும் வெளியே போகும் என்பது அவருடைய இருபது வருட அனுபவம். பொற்கொடிக்கு முன்னால் நான்கு பேர். அவர்களில் முதலில் நின்றது சென்னம்மா. அவள் பையைக் கவிழ்த்ததும் பொரியோடு சேர்ந்து குங்குமம் வைத்த பென் டிரைவ் தட்டில் டொக்கென்று விழுந்தது.

ஆஞ்சப்பன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். சென்னம்மாவுக்கு அது என்னவென்றே தெரியாது. தெரியாது, தெரியாது என்பதைக் கூடப் பயத்தில் கன்னடத்திலேயே சொன்னாள். "நங்கே கொத்தில்ல சாமி, நங்கே கொத்தில்ல."

வாயைத் திறக்காமல் நின்றால் பொற்கொடி தன் பாட்டுக்கு வெளியே போய்விடலாம். பென் டிரைவில் பெயரா எழுதியிருக்கிறது? லைன் வீட்டு லேத் ஆபரேட்டர் ஞாபகத்துக்கு வந்தார், நல்லுசாமியின் அடுத்த வாரங்கள் வந்தன, மூன்றாம் வகுப்பு படிக்கிற பையன் வந்தான். சென்னம்மாவுக்கும் ஒரு வீடு இருக்கும் என்பது அதற்கு அடுத்துத்தான் தோன்றியது. ஆஞ்சப்பன் தினத்தாளை எடுத்துத் தேதி போட்டார். பொருள் என்ற இடத்தில் பென் டிரைவ் ஒன்று என்று எழுதினார். பெயர் என்ற இடத்துக்குப் பேனா நகர்ந்தது.

"அண்ணா, அது என்னுதுங்க" என்றாள் பொற்கொடி. சத்தமே வரவில்லை. வரிசையை விட்டு விலகி முன்னால் போய் இன்னொரு தடவை சொன்னாள்.

உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். இங்கே ஏறியது. தன்னுடையது என்றால் அது எப்படிப் பெருக்குகிறவள் பையில் வந்தது? இதைக் கேட்டது ஊழியர் விவகாரம் பார்க்கிற பர்சனல் ஆபீசர் சுபாஷ். இருவரையும் அவர் அறைக்கு அழைத்துப்போயிருந்தார்கள். பென் டிரைவைத் துணியால் துடைத்து, பூஜையில் சேர்க்காமல் விட்டிருந்த தன் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தார் சுபாஷ். உள்ளே ஒரே ஒரு கோப்பு. கிட்டத்தட்ட இரண்டு ஜி.பி., பென் டிரைவ் நிறைய அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை. வேறு எதில் போட்டாலும் திறக்கவில்லை. எந்த சாஃப்ட்வேரில் திறக்கட்டும் என்று கம்ப்யூட்டர் அவரையே திருப்பிக் கேட்டது.

அவருடைய முகம் மாறியது. காரணம் இருந்தது. போன மாதம் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்று, இவர்களுடைய புதுப் பிரேக் பாகத்தை அச்சு அசலாக அதே அளவில் செய்து விலை சொல்லியிருந்தது. வரைபடம் யார் மூலமாகப் போனது என்று மேலிடம் அவரைக் குடைந்துகொண்டிருந்தது. இப்போது திறக்கவே முடியாதபடி பூட்டிய ஒரு பெரிய கோப்பு, யாரும் சந்தேகப்படாத சென்னம்மா பையில். அவர் சத்தம் போடவில்லை. மரியாதையாகவே பேசினார், அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வரைபடத்தை நீங்க காப்பி பண்ணிக் குடுத்தீங்க, அவங்க எடுத்துட்டுப் போறாங்க. அப்படித்தானே மேடம்?"

பொற்கொடி சொல்லிப் பார்த்தாள். அது வரைபடம் இல்லை, கம்ப்யூட்டர் தன் வேகத்துக்காகத் தானே செய்துகொள்கிற கோப்பு, தன்னாலும் அதைத் திறக்க முடியாது என்றாள். பொய் சொல்கிறவள் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது என்று அவளுக்கே தோன்றியது. சுபாஷின் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய விண்டோஸ் எக்ஸ்பி. அதில் ரெடிபூஸ்ட் என்ற ஒன்றே கிடையாது, காட்டி விளக்கவும் வழியில்லை. சிஸ்டம் பார்க்கிறவர் பெங்களூர்க்காரர். லீவுக்கு ஊர் போகிற பஸ்ஸில் இருந்தார் போலிருக்கிறது, போன் அணைந்திருந்தது.

ஸ்ரீராமை வரவழைத்தார்கள். அவர் வாசலிலேயே நின்று விஷயத்தைக் கேட்டார். பொற்கொடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்துவிடும். அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டார். கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் அவங்கதான் பார்த்துக்கறாங்க, இது எப்படி உள்ளே வந்ததுன்னு எனக்குத் தெரியாது என்றார். எவ்வளவு சுலபமாகக் கை கழுவிவிட்டார். நீங்கள்தானே சட்டைப் பையில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. மேனேஜர் வார்த்தைக்கு எதிராகத் தன் வார்த்தையை யார் நம்புவார்கள் என்ற கேள்வி அதை அடக்கியது.

மணி ஐந்து பத்து. ஆறு மணிக்கு ஜீப். ஆஞ்சப்பன் தாளை அட்டையில் செருகி வைத்துக்கொண்டு, பெயர் எழுதாமல், சுவரோரம் நின்றார். ஒரு பெயரா இரண்டு பெயரா என்று மட்டும் கேட்டார். சென்னம்மா தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் பொற்கொடிக்குக் குரல் வந்தது.

"என் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டறேன் சார். இந்த ஃபைல் தானா வர்றதை உங்க கண்ணாலயே பாருங்க."

இதற்கு ஸ்ரீராம் குறுக்கே வந்தார். பூஜை போட்ட மெஷினை இன்றைக்குத் திறக்கக் கூடாது, லீவு முடிந்து வந்து எலுமிச்சம்பழம் வைத்துத்தான் ஓட்ட வேண்டும், முதலாளி வீட்டில் தெரிந்தால் வம்பு என்றார். அவர் சொன்னது வழக்கப்படி சரிதான். அந்த ஊரில் எந்தக் கம்பெனியிலும் மாலை சாத்திய மெஷினில் அன்றைக்குக் கை வைக்க மாட்டார்கள். ஆஞ்சப்பனுக்குக் கூடத் தயக்கம். இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாமே என்றார். இரண்டு நாளில் தன் பெயர் முப்பது கேட்டிலும் ஒட்டியிருக்கும் என்று பொற்கொடிக்குத் தெரியும்.

"பாவம் வந்தா எனக்கு வரட்டுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

சுபாஷ் ஒரு நிபந்தனை போட்டார். உங்கள் கம்ப்யூட்டரில் போட்டதும் நீங்கள் அதை அழித்துவிட்டால்? அதனால் அந்தக் கோப்பை முதலில் அவருடைய கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். நியாயம்தான். பிரதி எடுக்கிற பச்சைக் கோடு ஆமையாக நகர்ந்தது. எட்டு நிமிடம் ஆயிற்று.

டெஸ்பாட்சில் ஊதுபத்தி வாசனை இன்னும் இருந்தது. பொற்கொடி மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓரமாக வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். பென் டிரைவின் துணை இல்லாமல் அந்தக் கம்ப்யூட்டர் விழித்து எழுவதற்கு ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது. மேசை சுவரோடு ஒட்டியிருந்ததால், அவசரத்தில் பென் டிரைவை மேசைக்கு அடியில் இருந்த சி.பி.யு. பெட்டியின் முன்பக்கமே சொருகினாள். எல்லோரும் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். ரெடிபூஸ்ட் பக்கத்தைத் திறந்தாள். இந்தப் பென் டிரைவுக்கு வேகம் போதாது, இதைப் பயன்படுத்த முடியாது என்று ஆங்கிலத்தில் வந்தது.

சுபாஷ் அதை வாய்விட்டுப் படித்தார். "இதையா வேகத்துக்குப் பயன்படுத்தினீங்க?" என்று கேட்டார்.

மூன்று மாதமாக வேலை செய்த சாமான். சந்தனம் உள்ளே போய் கெட்டுவிட்டதா? ஆனால் சுபாஷின் கம்ப்யூட்டரில் நன்றாகத்தானே திறந்தது? பொற்கொடி மறுபடி சோதிக்கச் சொல்லி அழுத்தினாள். அதே பதில். மணி ஐந்து முப்பத்தைந்து. ஒரு போன் பண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொன்னார் சுபாஷ். லால் பாஷாவின் கடை எண் அவளுக்கு மனப்பாடம். அவரிடம் நடந்த கதையெல்லாம் சொல்லவில்லை, திரையில் வந்ததை மட்டும் சொன்னாள். அவர் நிதானமான மனுஷன்.

"எந்த ஓட்டைல சொருகினீங்க மேடம்? முன்னாடியா, பின்னாடியா? உங்க கேபினட்ல முன்னாடி இருக்கறது ஸ்லோவுங்க, அதுல எதைப் போட்டாலும் தேறாது. பின்னாடி போட்டுட்டு டெஸ்ட் அகெய்ன் குடுங்க."

மேசையை இழுக்க முடியாது. மேலே விளக்கு, படம், உடைத்த தேங்காய் எல்லாம் இருந்தன. அவள் குனியப் போகும்போது சென்னம்மா பென் டிரைவை வாங்கிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தாள். தினமும் துடைக்கிற இடம், அவளுக்குப் பழக்கம். எந்த ஓட்டை என்று பொற்கொடி மேலிருந்து சொல்லச் சொல்ல, கீழே தடவித் தடவிச் சொருகினாள். பொற்கொடி 'மறுபடி சோதி' என்பதை அழுத்தினாள். திரை அசையாமல் நின்றது. ஹார்ட் டிஸ்க் அரைத்தது. பிறகு அந்தப் பக்கம் முழுதாகத் திறந்தது. பயன்படுத்து, பயன்படுத்தாதே, எவ்வளவு இடம் என்று நகர்த்துகிற கோடு, எல்லாம் வந்தன.

அவள் 'பயன்படுத்தாதே' என்று கொடுத்தாள். கோப்பு மறைந்து பென் டிரைவ் காலியாயிற்று. பிறகு 'பயன்படுத்து' என்று கொடுத்து ஆயிரத்தில் நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அதே பெயரில் ஆயிரம் எம்.பி. கோப்பு வந்து உட்கார்ந்தது. சுபாஷ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மவுஸைத் தானே வாங்கினார். எழுநூறில் நிறுத்தினார், எழுநூறுக்கு வந்தது. ஐந்நூறுக்கு நகர்த்தினார், ஐந்நூறுக்கு வந்தது. இதில் ஒருவர் வரைபடத்தை ஒளித்து வைக்க முடியாது என்று அவருக்கு விளங்கிவிட்டது. கோடு நகர்கிற அளவுக்குக் கோப்பு வளர்கிறது, சுருங்குகிறது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சாரி மேடம் என்றார்.

ஆனால் ஆஞ்சப்பன் அட்டையை மடக்கவில்லை. திருட்டு இல்லை, சரி. பென் டிரைவ் கூடாது என்று பலகை இருக்கிறதே, அதைக் கேட்டுக்குள் கொண்டுவந்தது யார்? பொருள் என்று எழுதியாயிற்று, தாளுக்கு எண் இருக்கிறது, கிழிக்க முடியாது. அனுமதி கொடுத்த அதிகாரி பெயர் இருந்தால் அதை எழுதலாம். இல்லாவிட்டால் கொண்டுவந்தவர் பெயரைத்தான் எழுத வேண்டும். கொண்டுவந்தவர் என்று எழுதினால் அந்தப் பெயர் லிஸ்டில் ஏறும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. தாளில் காலியாக இருந்த ஒரு கட்டம் அவரையும் பிடித்து வைத்திருந்தது.

மணி ஐந்து ஐம்பது. பொற்கொடி திரும்பி ஸ்ரீராமைப் பார்த்தாள். "சார், நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

ஸ்ரீராம் திரையைப் பார்த்தார். ஒரு வேலைக்கென்று எத்தனையோ பேர் எத்தனையோ கேட்பார்கள், எதற்கு என்ன சொன்னோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும் என்கிற மாதிரி என்னவோ சொன்னார். வாக்கியம் முடியவே இல்லை. ஆஞ்சப்பன் பேனா மூடியைக் கழற்றினார்.

"அன்னிக்கும் நான் இங்கதான் இருந்தேன் சார்."

குரல் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சென்னம்மா இன்னும் அங்கேயே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வரும்படி யாரும் சொல்லவில்லை, அவளாக வரவும் துணியவில்லை.

"தொடைச்சிக்கினு இருந்தேன். நீங்க சட்டைப் பாக்கெட்டுல இருந்து எடுத்து இந்த மேசை மேல வெச்சீங்கோ. இனிமே லாரிக்காரன் வாயை மூடுவான்னு சொன்னீங்கோ. நான் கீழ இருந்தது உங்களுக்குத் தெரியாது."

சொல்லி முடித்துவிட்டு அவள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். மேனேஜர் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்ன பெருக்குகிறவள் அந்தக் கம்பெனியில் அதற்கு முன் இருந்ததில்லை. சுபாஷ் ஸ்ரீராமைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்குச் சிரமப்பட்டார்.

ஸ்ரீராமின் காது சிவந்தது. "வேலை நடக்கணும்னுதானேப்பா கொண்டாந்தேன்" என்றார். யாரிடம் சொன்னாரோ தெரியவில்லை.

"நானும் அதுக்குத்தான் சார் போட்டேன்" என்றாள் பொற்கொடி.

அவர் அட்டையை வாங்கினார். அனுமதி என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். கையெழுத்துப் போடும்போது பேனா ஒரு தடவை எழுதாமல் போய், உதறிவிட்டு எழுதினார். அதிகாரி அனுமதி, திருட்டு இல்லை என்று ஆஞ்சப்பன் கீழே சேர்த்தார். பிடிபட்டவர் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். வெளியே ஜீப்பின் ஹாரன் கேட்டது. அவர் அட்டையோடு நடந்தார், ஓடவில்லை.

கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் பஸ்ஸுக்காக நின்றபோதுதான் பொற்கொடி அழுதாள். அத்திபெலே பக்கமிருந்து வருகிற லாரிகளின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. சென்னம்மா பக்கத்தில் நின்றாள், தேற்றவும் இல்லை, விலகவும் இல்லை. அழுகை ஓய்ந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"லீவு முடிஞ்சி வந்தா என்னை வேலைய விட்டு எடுத்துடுவாரா அம்மா?"

மாட்டார் என்று சொல்ல பொற்கொடி வாயெடுத்தாள். எடுத்துவிடுவார். காண்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கூடச் சொல்ல வேண்டாம். அது இருவருக்கும் தெரியும். இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நிலைமை வரும் என்று தெரிந்தேதான் இவள் மேசைக்கு அடியிலிருந்து பேசியிருக்கிறாள். அதை நினைக்க நினைக்க பொற்கொடிக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. வெட்கம் தன் மேல்.

"எடுத்தா எனக்குச் சொல்லுங்கக்கா" என்றாள். "அன்னிக்கு நானும் கேட்டுக்கு வெளியதான் நிப்பேன்."

அவள் சொன்னது ஆறுதலுக்கு இல்லை. சொன்ன பிறகும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பாகலூர் பஸ் வந்தது. இருவரும் ஏறி, ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள்.